மச்சாள் வீட்டில் இருபது அடி மேசை

மாமாவுக்கு இரண்டு பெண்கள். அதனால் இரண்டு வீடு. எங்கள் பக்கத்து முறை அது. பெண் கல்யாணம் கட்டினால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவான். நானும் அப்படி வந்தவன்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்காரர் வீட்டில் பிறந்தேன். வாவியைத் தாண்டிச் செட்டிபாளையத்துக்கு வந்து, மூத்த மகளின் வீட்டில் இருக்கிறேன்.

இரண்டாவது வீடு பக்கத்து வளவில் நிற்கிறது. அது மச்சாளுக்கு, அதாவது என் மனைவியின் தங்கைக்கு. மாமா வாவியில் மீன் பிடித்து, ஒரு மாரிக்கும் அடுத்த மாரிக்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. வெள்ளம் ஏறாமல் இருக்க அத்திவாரத்தை உயர்த்திப் போட்டிருந்தார். கூரை இருந்தது. கதவு இருந்தது. பூச்சு இல்லை. மச்சாளுக்கு ஒருவன் வரும்வரை பூட்டிக் கிடக்க வேண்டிய வீடு.

அந்த வீட்டில்தான் ஜீன்ஸ் தைக்கத் தொடங்கினோம். இரண்டு மாதத்துக்கு என்று சொல்லி மாமியிடம் சாவியை வாங்கினேன். மச்சாளுக்குக் கல்யாணம் பேசினால் உடனே வெளியே போய்விட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

நானும் மனைவியும் கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு ஜீன்ஸ் கார்மென்ட்ஸில் வேலை செய்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அங்கேதான். லீவுக்கு மட்டும் ஊர். அவள் இடுப்புப் பட்டி தைத்தாள். ஒன்பது வருடம் அது ஒன்றுதான். நான் வெட்டினேன். துணியை அறுபது எழுபது அடுக்காக விரித்து வைப்பார்கள். மேலே கோடு போட்ட தாள் இருக்கும். கோட்டைப் பிடித்துக்கொண்டு வெட்டு மெசினைத் தள்ளுவேன். நான் வெட்டிய துண்டு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. தன் கைக்கு வரும் காற்சட்டை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது.

பெற்றோலுக்குச் சனம் வரிசையில் நின்ற வருடம் வேலை குறைந்தது. ஆட்களை நிறுத்தினார்கள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே கிழமையில் நிறுத்தினார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

நான் மாமாவோடு தோணியில் போனேன். வலை எனக்குச் சரிவரவில்லை. வயல்காரனுக்குத் தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான் பழக்கம். மூன்று நாள் மாமா பொறுத்துக்கொண்டார். நாலாம் நாள், "நீங்க கரையில நிண்டாத்தான் எனக்கு உதவி, மருமகன்" என்றார்.

மச்சாள் அப்போது பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். நன்றாகப் படம் கீறுவாள். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம். திடீரென்று சொன்னாள்.

"அத்தான் வெட்டுறாரு. அக்கா தைக்கிறா. நாம ஜீன்ஸ் தைச்சா என்ன?"

"வெட்டுற ஆளுக்கும் பட்டி தைக்கிற ஆளுக்கும் இடையில முப்பது பேர் இரிக்காங்க, புள்ள" என்றாள் என் மனைவி.

"அந்த முப்பது பேரும் நான்."

சொன்னதைச் செய்தாள். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவனின் கிழிந்த ஜீன்ஸை வாங்கி வந்து, தையலைத் தையலாகப் பிரித்தாள். எந்தத் துண்டு எதோடு சேருகிறது, எதை முதலில் தைப்பது என்று ஒரு கொப்பி நிறையக் கீறினாள். பிறகு நாங்கள் பழைய மெசின் இரண்டு வாங்கினோம். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவரை மாமாவுக்குத் தெரியும். அண்ணன் என்ற மாதிரி நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மாமாவின் மீனை அவர் வீட்டில் வாங்குவார்கள். அவர் கடையின் மூலையில் டெனிம் துணி உருளை ஒன்று வெகு நாளாக நின்றது. இடத்தை அடைக்கிறது, கொண்டு போ தம்பி என்று மலிவாகத் தந்தார்.

முதலில் ஆம்பிளை ஜீன்ஸ்தான் தைக்க நினைத்தோம். பொடியனின் காற்சட்டையை வைத்துப் பெரிய ஆளுக்கு வெட்ட முடியாது. அளவு வேண்டும். மாமாவை நிறுத்தி அளவு எடுத்தோம். மாமா சாரனோடு நின்றார். நான் நாடாவைப் பிடித்தேன். இடுப்பு எது என்ற கேள்வி எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. சாரனின் முடிச்சு இருக்கும் இடம்தான் இடுப்பு. தொப்புளுக்கு மேலே இரண்டு விரல். நானும் அங்கேதான் கட்டுகிறேன். என் அப்பாவும் அங்கேதான் கட்டுவார். அந்த இடத்திலிருந்து அளந்து அட்டை வெட்டினோம். சின்னது, பெரியது என்று மூன்று அளவு. முப்பத்திரண்டு காற்சட்டை தைத்தோம். ஒரு மாதம் போனது.

மாமாதான் முதலில் போட்டுப் பார்த்தார். நெஞ்சுக்குக் கிட்ட வந்து நின்றது.

"வயிறு சூடா இரிக்கு. நல்லம்" என்றார் மாமா.

ஊர்ப் பொடியன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ஒருவன் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கையை விரித்து நின்றான். இதைப் போட்டால் மேலுக்குச் சேட்டு வேண்டாம் என்றான். மற்றவன் போட்டே பார்க்கவில்லை. மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோனேன். நானா ஒன்றைத் தூக்கித் தன் உடம்பில் வைத்துப் பார்த்தார். கடைக்குள் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இது ஆருக்குத் தம்பி என்று மட்டும் கேட்டார். முப்பத்திரண்டையும் திருப்பிக் கொண்டு வந்தேன்.

மனைவி வாசலில் இருந்தாள். மூட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒன்பது வருசம் இடுப்புப் பட்டி தைச்சன். இடுப்பு எங்க இரிக்கெண்டு ஒரு நாளும் நான் கேக்கல்ல."

அன்றைக்குப் பிறகு ஒரு கிழமை மச்சாள் வீடு பூட்டிக் கிடந்தது.

அடுத்த திங்கள் மச்சாள் அதில் ஒன்றை எடுத்தாள். சின்ன அளவு. பக்கத்தை ஒடுக்கித் தைத்தாள். போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் டவுனுக்குப் போனாள். பின்னேரம் வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. விசயம் இதுதான். பெண்பிள்ளைகள் ஜீன்ஸ் போட்டு ஸ்கூட்டியில் இருந்தால் பின்னால் இறங்கும். சட்டை மேலே ஏறும். ஒரு கையால் ஓடிக்கொண்டு மற்றக் கையால் சட்டையை இழுத்து இழுத்து விடுவார்கள். கடைகளில் விற்பதெல்லாம் பட்டி கீழே இறங்கிய ஜீன்ஸ்தான். எங்கள் காற்சட்டை இறங்கவில்லை. இறங்க வழி இல்லை. பெற்றோல் செட் வரிசையில் பின்னால் நின்ற பிள்ளை இது எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறாள். பாங்கில் ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"அத்தான், நாம பிழையாத் தைக்கல்ல. பிழையான ஆளுக்குத் தைச்சிருக்கம்" என்றாள்.

முப்பத்தொன்றையும் பிரித்து ஒடுக்கினோம். பத்து நாளில் எல்லாம் விற்று முடிந்துவிட்டது. நானா பிறகு தானே வந்தார். அபாயாவுக்கு உள்ளே போடத் தன் மகள்மார் கேட்கிறார்கள், கடைக்கும் கொஞ்சம் வேண்டும் என்றார். மாமியின் தேத்தண்ணீரைக் குடித்தார். மாமாவைப் பார்த்து, உங்கட வயிறுதான் எங்களுக்குக் கடை திறந்து தந்திருக்கு என்றார். மாமா அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அதன் பிறகு வேலை தானாக வந்தது. மச்சாள் பாலர் பாடசாலையை விட்டாள். போனில் படம் போட்டாள். போனைக் கதிரையில் சாத்தி வைத்துவிட்டு, தானே போட்டுக்கொண்டு நடந்து, குனிந்து, இருந்து காட்டினாள். ஊர்ப் பெண்கள் மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள். பிறகு ஆறு பேர்.

ஒரு அறுவடைக்கு மச்சாளையும் மனைவியையும் என் ஊருக்குக் கூட்டிப்போனேன். மண்முனைப் பாலம் தாண்டி, வயல் வட்டைக்குள் இறங்கி, வரம்பில் நின்றோம். மச்சாள் வரம்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கள் வயலில் ஒரு வரம்பும் நேராகப் போகாது. வளைந்து போய், அடுத்ததில் முட்டி, திரும்பிப் போகும். வீட்டுக்கு வந்து அதைப் பின்பக்கப் பையில் செம்மஞ்சள் நூலால் தைத்தாள். மூன்று வளைந்த கோடு. இந்தப் பிள்ளைக்கு நேராகத் தைக்கத் தெரியாது என்று நினைப்பார்கள் என்றாள் மனைவி. வரம்பு அப்படித்தான் இருக்கும் என்றேன். அது எங்கள் அடையாளம் ஆகிவிட்டது. இப்போது பஸ்ஸில் முன்னால் போகிற பிள்ளையின் காற்சட்டைப் பையைப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சாமான் என்று தெரியும். பார்க்கிறதுக்கு எனக்குக் கூச்சம்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவேன்.

தைத்த ஜீன்ஸைத் தொட்டியில் ஊறவைத்து அலசவேண்டும். கூடின நீலம் கழன்றால்தான் நிறம் சரியாக வரும். அந்தத் தண்ணீர் வளவில் தேங்கியது. மாமியின் கோழிகள் அதில் நடந்து நடந்து எல்லாக் கோழிக்கும் கால் நீலமாகிவிட்டது. ஒரு பெண் அது என்ன சாதிக் கோழி, முட்டை கிடைக்குமா என்று கேட்டு வந்தாள். மாமி அவளுக்கு முட்டை விற்றுவிட்டு, எனக்கு ஏசினார். நான் குழி வெட்டி மணலும் கரியும் போட்டு, தண்ணீரை அதற்குள் விட்டேன்.

கொழும்பில் நல்ல உடுப்புக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எங்கள் படங்களைப் பார்த்துவிட்டுப் போன் அடித்தார். அவருக்குத் தமிழ் தெரியும். டிசைனரோடு பேசவேண்டும் என்றிருக்கிறார். போனை எடுத்தது மாமி.

"டிசைனரா? அவ கிணத்தடில மீன் வெட்டுறா. கொஞ்சம் நில்லுங்க" என்றார்.

மச்சாள் மீன் கையோடு பேசினாள். ஐம்பது ஜீன்ஸ் கேட்டார்கள். பிறகு நூறு. லேபிள் நல்ல துணியில் அடித்தோம். அந்தக் கடையில் எங்கள் ஜீன்ஸைத் தனியாக ஒரு கம்பியில் தொங்க விட்டிருந்தார்கள். கொடுக்கப் போன மச்சாள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். மாமா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். கம்பி நல்ல கம்பி என்றார்.

நூறுக்கு மேல் போனால் கத்திரிக்கோலால் வெட்ட முடியாது. வெட்டு மெசின் ஒன்று வாங்கினேன். அதற்கு மேசை வேண்டும். நீளமாக, ஆடாமல். மேசை ஒரு நூல் ஆடினாலும் கீழ் அடுக்கு பிழையாகிவிடும். மச்சாள் வீட்டு ஹோலுக்குள்ளேயே இரும்புச் சட்டம் அடித்து, பலகை போட்டு, இருபது அடிக்கு மேசை செய்தேன். மேசைக் கால்களை நிலத்தில் கிண்டி இறக்கிச் சீமெந்து போட்டேன். எட்டுக் கால்.

சீமெந்து காயும்போது மாமி வந்து நின்றார்.

"ரெண்டு மாசத்துக்கு இரிக்கிற ஆள் காலுக்குச் சீமெந்து போடுவானா, மருமகன்?"

அவர் சொன்னது சரி. நான் யோசிக்காமல் செய்யவில்லை. யோசிக்க வேண்டாம் என்று செய்தேன்.

அடுத்த வருடம் கல்யாணம் பேசி வந்தது. களுதாவளை ஆள். பஸ் டிப்போவில் மெக்கானிக். அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தங்கையும். மச்சாளுக்கு அவனைப் பிடித்திருந்தது. மறைக்கவில்லை. அவனோடு போனில் பேசிவிட்டு வந்து மெசினில் இருந்தால் தையல் வேகமாகப் போகும். பெண்கள் கேலி செய்வார்கள்.

பெண் பார்க்க மூன்று பேரும் வந்தார்கள். தேத்தண்ணீர் குடித்த பிறகு அவனுடைய அம்மா வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். அது முறை. மகன் வந்து இருக்கப்போகும் வீடு. பதினொரு மெசின், துணி உருளைகள், மேசை, மேசையில் குவிந்த காற்சட்டைகள் எல்லாவற்றையும் பார்த்தார். குசினியில் நூல் பெட்டிகள் இருந்தன. சாமி அறையில் லேபிள் பெட்டிகள்.

"இதுகள எப்ப எடுக்கிற, மனே?" என்று என்னிடம் கேட்டார்.

"மாரிக்கு முதல் எடுத்திருவம்" என்றேன்.

வாக்குக் கொடுத்தது நான்தான். வேறு என்ன சொல்ல? வீடு மச்சாளுடையது. நான் அங்கே இருந்தது மாமி தந்த சாவியால். மனைவி அன்று இரவு வரை மெசினை விட்டு எழும்பவில்லை. மச்சாளின் நிலைமைதான் கூடக் கஷ்டம். கல்யாணம் வேண்டும் என்றால் மெசின் போகவேண்டும். மெசின் போனால் அவள் உண்டாக்கியது போய்விடும். அந்த வளவில் அதை வைக்க வேறு உயரமான இடம் இல்லை.

இடம் தேடினேன். மெயின் ரோட்டில் ஒரு கடை அறை பார்த்தேன். மேசையில் பாதிதான் கொள்ளும். என் அம்மாவின் வளவு வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இடம் தாராளம். ஆனால் வேலைக்கு வரும் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வருகிறவர்கள். அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். கடைசியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் தகரக் கொட்டில் ஒன்று அடித்தேன். ஆறு மெசினை அதற்கு மாற்றினேன்.

மாரி அந்த வருடம் முந்திவிட்டது. மூன்று நாள் விடாத மழை. வாவி ஏறி வளவுக்குள் வந்தது. கொட்டிலில் முழங்கால் தண்ணீர். மெசின்களை நானும் மாமாவும் பெண்களும் தூக்கி, திரும்பவும் மச்சாள் வீட்டுக்கே கொண்டுபோனோம். இரண்டு உருளை துணி நனைந்தது. கொழும்புக் கடை தைப்பொங்கலுக்கு முந்நூறு ஜீன்ஸ் கேட்டிருந்தது. நாங்கள் எடுத்ததில் அதுதான் பெரிய வேலை.

தண்ணீர் வற்றிய கிழமையில் களுதாவளையில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்களாம். பூச்சுக்காரனையும் கூட்டி வருகிறார்களாம்.

ஞாயிறு காலையில் நான் இரும்பு அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு போனேன். மேசை கதவால் வராது. உள்ளே வைத்துச் செய்ததல்லவா. கால்களை அறுத்து, பலகையை இரண்டாக வெட்டினால் வரும். இரண்டாக வெட்டிய மேசையில் நீளத்துணி விரிக்க முடியாது. முந்நூறும் முடியாது. எனக்கு அது தெரியும். வாக்குக் கொடுத்ததும் தெரியும். வாளை முதல் காலில் வைத்தேன்.

அவர்கள் வந்தபோது முதல் கால் முக்கால்வாசி அறுந்திருந்தது. அவனுடைய அம்மா வாசலில் நின்று பார்த்தார். திருப்திதான். அவன் உள்ளே வந்து குனிந்து மேசைக் காலைப் பார்த்தான். சீமெந்தைத் தட்டிப் பார்த்தான். நல்ல வேலை அத்தான், ஆர் செய்தது என்று கேட்டான். நான் என்றேன். அப்ப ஏன் அறுக்கிறீங்க என்றான். நான் அவன் அம்மாவைப் பார்த்தேன்.

அந்த நேரம் மச்சாள் உள்ளே வந்தாள். மாமியும் பின்னால் வந்தார்.

"அம்மா, இது ஆர்ர வீடு?" என்று மச்சாள் கேட்டாள்.

"உன்ட வீடு. வேற ஆர்ர?" என்றார் மாமி.

"எண்டா நான் சொல்றன். மேச இதிலதான் நிக்கும். அத்தான், வாள வைங்க."

நான் வாளை வைத்தேன்.

அவனுடைய அம்மாவுக்குக் கோபம் வந்தது. வரும்தானே. முறை தெரிந்த மனுசி. முறைப்படிதான் கேட்டார். "அப்ப என்ட மகன் எங்க இரிக்கிற, புள்ள? மேசைக்குக் கீழயா?"

மச்சாள் அவனைப் பார்த்தாள். அவன் கொஞ்ச நேரம் மேசைக்குக் கீழே பார்த்தான்.

"காத்து நல்லா வரும்தான்" என்றான்.

மாமா சிரித்துவிட்டார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவன் அம்மா சிரிக்கவில்லை. பூச்சுக்காரனைக் கூட்டிக்கொண்டு, தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார். போகும்போது தங்கைக்காரி மட்டும் பின்தங்கினாள். மெசினில் கிடந்த ஒரு காற்சட்டைப் பையை எடுத்து, செம்மஞ்சள் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அம்மா கூப்பிட, வைத்துவிட்டு ஓடினாள்.

பதினாலு நாள் அவன் அம்மாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மாமி சமைத்தார். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். நான் அறுத்த காலுக்கு இரும்புத் துண்டு வைத்து ஒட்டினேன். முந்நூறுக்கும் துணி விரித்தேன். மச்சாள் காலை ஏழு மணிக்கு வந்து மெசினில் இருப்பாள். அழவில்லை. போனில் அவனோடு பேசினாள். அம்மா யோசிக்கிறா என்று அவன் சொன்னானாம். அதை எங்களுக்கும் சொன்னாள். இந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் காரணம் இந்த மேசைதான் என்று எனக்கு இருந்தது. மேசையைச் செய்தது நான். ஒரு நாள் அவளிடம், "நான் அறுக்கிறன் புள்ள. வேற இடம் பார்ப்பம்" என்றேன்.

"என்ட வீட்டுல நிண்டு அறுக்கக் கதைக்காதீங்க, அத்தான்" என்றாள். பிறகு, "அந்தச் செம்மஞ்சள் நூல எடுங்க" என்றாள்.

பதினைந்தாம் நாள் அவன் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். மகளையும் கூட்டி வந்திருந்தார். மாமி கதிரை போட்டார். அவர் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. நேராக மச்சாள் வீட்டுக்குப் போனார். மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் நின்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு மேசை ஓரத்தில் ஒரு உருளை மேல் இருந்தார்.

"எனக்கும் ஒரு பெட்ட இரிக்கு. இவளுக்கும் ஒரு வீடு கட்டோணும்" என்றார். "அத்திவாரம் போட்டு நாலு வருசம். அதுக்குள்ள எருக்கல முளைச்சிட்டு. மகன் உழைக்கிறது சாப்பாட்டுக்குச் சரி." மகளைப் பார்த்தார். "இவளுக்கு ஒரு மெசின் குடுப்பயளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மச்சாளைப் பார்த்தேன்.

"நாளைக்கே வரச் சொல்லுங்க, மாமி" என்றாள் மச்சாள். அவள் அவரை மாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

பிறகு அவர் சில காரியம் சொன்னார். சாமி அறையில் துணி, பெட்டி ஒன்றும் இருக்கக்கூடாது. பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குசினியும் போடவேண்டும். பஞ்சுத் தூசி வராமல் இடையில் கதவு வேண்டும். முன்பக்கம் பூச்சுப் பூசவேண்டும். சனம் வந்து பார்க்கிற வீடு. எல்லாம் நியாயம். ஓம் என்றேன். அன்றைக்குத் தேத்தண்ணீர் இரண்டு தரம் குடித்தார். மாமி மரவள்ளிக்கிழங்கு அவித்தார்.

முந்நூறு ஜீன்ஸும் பொங்கலுக்கு ஐந்து நாள் முந்திப் போனது. அவன் டிப்போ லீவில் வந்து மாமாவோடும் மேசனோடும் சேர்ந்து பின் அறைகளைக் கட்டினான். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை முறைப்படி பெட்டியோடு வந்தான். மற்றக் கையில் ஸ்பேனர் பெட்டி. மேசையில் வெள்ளைச் சீலை விரித்து அவர்கள் பக்கத்து ஆட்களுக்குச் சாப்பாடு வைத்தோம். இரண்டு பக்கமும் இருந்தார்கள். இவ்வளவு வசதியாக எந்தக் கல்யாண வீட்டிலும் இருந்து சாப்பிடவில்லை என்று ஒரு கிழவர் என்னிடம் சொன்னார். அது வெட்டு மேசை என்று அவருக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு அடுத்த நாளே மெசின் ஓடியது. மாப்பிள்ளை எழும்பி வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, நாலாவது மெசின் சத்தம் சரியில்லை என்றான். கழற்றினான். அன்றிலிருந்து மெசின் திருத்துகிறவனை டவுனில் இருந்து கூப்பிடுவதில்லை. அவனுடைய தங்கை இப்போது பையின் கோட்டை எங்கள் எல்லாரையும் விட நன்றாக வளைத்துத் தைக்கிறாள். அத்திவாரத்தில் இருந்த எருக்கலையைப் பிடுங்கிவிட்டார்கள். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது.

மெசின் பதினெட்டு ஆகிவிட்டது. கொழும்பில் மூன்று கடையில் எங்கள் கம்பி இருக்கிறது. வெளிநாட்டில் இருந்தும் போனில் கேட்கிறார்கள். பார்சல் போகிறது. எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பார்சலிலும் முகவரி ஒட்டுவது நான்.

போன மாதம் மச்சாளுக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மூன்றாம் நாள் நான் துணி விரித்துக்கொண்டிருந்தேன். மாமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மேசையை ஒரு முனையில் இருந்து மற்ற முனை வரை பார்த்தார்.

"மருமகன், இனி இது இவட வீடு."

"ஓம், மாமி."

"இவளுக்குக் கல்யாணம் பேசக்குள்ள இதெல்லாம் எடுக்கோணும்."

யோசித்தேன். அப்போது எனக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். எடுக்கிறன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அத்தான், வாக்குக் குடுக்காதீங்க" என்று பின் அறையில் இருந்து மச்சாளின் குரல் வந்தது.

மாமி சிரித்துக்கொண்டு பிள்ளையை உள்ளே கொண்டுபோனார். நான் கோடு போட்ட தாளைச் சரியாக வைத்து, வெட்டு மெசினைப் போட்டேன்.